மேல்மாடி வீட்டை மெய்ப்புப் பார்ப்பது எப்படி

இருபத்தேழு வருடங்கள் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்துபவனாக, அதாவது அச்சுக்குப் போகும் முன் பக்கங்களில் பிழை பார்ப்பவனாக, இருந்தேன். பெரும்பாலும் இரவுப் பணி. நகரப் பதிப்பு அச்சுக்குப் போனபின் வீடு வந்து சேரும்போது இரவு இரண்டரை மணி ஆகிவிடும். சாப்பிட்டு, குளித்து, ஊர் எழுந்திருக்கும் நேரத்தில் நான் படுப்பேன். பகலில் தூங்கியாக வேண்டியவனுக்கு வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிவாதம் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பிடிவாதம் போகவில்லை.

வீட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னை மடிப்பாக்கத்தில் மூன்று மாடிக் கட்டடம். அதில் மூன்றாவது மாடி. 840 சதுர அடி, இரண்டு படுக்கையறை, வாடகை. ஹால், பால்கனி, பெரிய படுக்கையறை எல்லாம் மேற்கே. சமையலறையும் சின்ன அறையும் தென்கிழக்கே. தலைக்கு மேல் மொட்டை மாடி. வீட்டு உரிமையாளர் தரைத்தளத்திலேயே குடியிருக்கிறார். ஆணி அடிக்கும் சத்தம் கேட்டால் மூச்சு வாங்கியபடி மேலே வந்துவிடுவார். ஆகவே, இங்கே நான் சொல்பவை எல்லாம் வாடகைக்கு இருப்பவரும் செய்யக்கூடியவை.

ஒரு வாரம் எதையும் வாங்காதீர்கள்

வீட்டைச் சுகமாக்க வேண்டும் என்று தோன்றிய உடனே எல்லோரும் கடைக்குத்தான் போகிறார்கள். நானும் போனேன். திரைச்சீலை, மெத்தைத் திண்டு, சுவரில் ஒட்டும் படம், வாசனை மெழுகுவத்தி எல்லாம் வந்தன. வீடு அப்படியே இருந்தது. நடமாடும் இடம்தான் குறைந்தது.

பிறகுதான் என் தொழில்புத்தி வேலை செய்தது. கண்ணில் இடறும் பிழை இல்லாமல் இருந்தாலே ஒரு பக்கம் பாதி நன்றாகிவிடும். பெரிய பிழையை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். வாசகனை ஓயாமல் உறுத்துவது ஒற்றுப் பிழை. அது பிழை என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் படும். வீட்டில் நம்மைச் சோர்வாக்குகிறவையும் இந்த ஜாதிதான்.

எனவே நாற்பது பக்க நோட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு, பகல் ஒன்று, மாலை ஐந்து, இரவு பத்து என்று நான்கு வேளை. ஒரு நாளைக்கு ஓர் அறை. ஒவ்வொரு வேளையும் பத்து நிமிடம் அந்த அறையில் சும்மா உட்காருங்கள். கைப்பேசி கூடாது. எது உறுத்துகிறதோ அதை எழுதுங்கள். தீர்வு எழுதக் கூடாது, உறுத்தலை மட்டும் எழுத வேண்டும். தீர்வு எழுத ஆரம்பித்தால் கடை ஞாபகம் வந்துவிடும்.

என் நோட்டில் 31 குறிப்புகள் சேர்ந்தன. சிலவற்றைச் சொல்கிறேன். குளியலறைக் கதவு மூடும்போது தரையில் உரசுகிறது. இன்வெர்ட்டரின் பச்சை விளக்கு படுத்தால் நேரே கண்ணில் படுகிறது. குளிர்சாதனப் பெட்டி நிற்கும்போதெல்லாம் மேலே உள்ள எவர்சில்வர் டப்பா ‘டங்’ என்கிறது. ஹால் நாற்காலி பால்கனிக்கு முதுகு காட்டி நிற்கிறது. மின்விசிறி ரெகுலேட்டர் மூன்றில் வைத்தால் முனகுகிறது. பெரிய படுக்கையறை இரவு பத்து மணிக்கும் அடுப்பங்கரை மாதிரி இருக்கிறது.

முப்பத்தொன்றுக்கும் சேர்த்துப் பெரிதாகச் செலவழித்துக் கடையில் வாங்க வேண்டியிருந்தவை நான்கே: ஒரு மூங்கில் தட்டி, ஒரு மின்விசிறி, இரண்டு விளக்குகள், ஒரு ஜமுக்காளம். மற்றவற்றுக்கு இடத்தை மாற்றியதும், எடுத்ததும், ஒட்டியதும், எண்ணெய் விட்டதும், பேசியதும் போதுமானதாக இருந்தன. டப்பாவை எடுத்துக் கீழே வைக்க ஒன்பது வருடம் ஆனது என்பதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெயில் எந்த வழியாக வருகிறது

சென்னை வீட்டில் சுகம் என்றால் முக்கால் பங்கு வெயிலைச் சமாளிப்பதுதான். மற்றவை அதற்குப் பிறகு.

சென்னை பூமத்திய ரேகையிலிருந்து 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அதனால் கோடையில் தெற்குச் சுவரை அவ்வளவாகச் சுடுவதில்லை. பகலெல்லாம் அடிவாங்குவது மொட்டை மாடி. மாலையில் அடிவாங்குவது மேற்குச் சுவரும் மேற்கு ஜன்னலும். கான்கிரீட் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் விடும். மதியம் வாங்கிய கடனை இரவு பத்து மணிக்கு வட்டியுடன் நம் கட்டில்மேல் இறக்கும்.

முதலில் ஜன்னல். நான் செய்த தவறைச் சொல்கிறேன். நாலாயிரம் ரூபாய்க்குக் கனமான அரக்கு நிறத் திரைச்சீலை வாங்கி உள்ளே தொங்கவிட்டேன். அறை இருண்டது, சூடு குறையவில்லை. மாலை நான்கு மணிக்குத் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தேன். இட்லிப் பானைக்குள் விட்டது போல இருந்தது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயில் திரையில் பட்டாலும் அறைக்குள்தான் இருக்கும். வெயிலை வீட்டுக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். மூங்கில் தட்டி ஒன்றை வெளிப்பக்கம், கிரில் கம்பியில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். ஆணி தேவைப்படவில்லை, உரிமையாளரும் மேலே வரவில்லை. தட்டிக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும், அந்தச் சூடு காற்றோடு போய்விடும். ஐப்பசி மழை தொடங்கும் முன் கழற்றிச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டால் மூங்கில் மூன்று நான்கு வருடம் தாங்கும். அரக்குத் திரைச்சீலையை வெட்டி என் மனைவி தையல் இயந்திரத்துக்கு உறை தைத்துவிட்டாள்.

அடுத்தது மொட்டை மாடி. மேல்மாடிக்காரர் அல்லாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு இப்போது எல்லாப் பெயின்ட் கடைகளிலும் கிடைக்கிறது. பாசியையும் தூசியையும் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, இரண்டு கை பூச வேண்டும். மாசி மாதத்தில் பூசினால் சரியாக இருக்கும். வெயிலும் இருக்கும், மழையும் வராது. கையில் பணம் இல்லையென்றால் பழைய சுண்ணாம்பே போதும். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் கரைந்துவிடும்; வருடா வருடம் அடிக்க வேண்டும். மாடி உரிமையாளருடையது என்பதால் நான் ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசப் போனேன். பூச்சுக் கூலியில் பாதி என்னுடையது. மழை நீர் ஒழுகும் கீறல் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும், அது அவருக்கு லாபம். ஒழுகல் என்றதும் சம்மதித்துவிட்டார். ‘எனக்குச் சூடாக இருக்கிறது’ என்று கேட்டிருந்தால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றிருப்பார்.

சூடு குறைந்ததா என்று பார்க்க நான் வெப்பமானி எதுவும் வைக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூலில் ஏறி மேல்தளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். முன்பு பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிடுவேன். இப்போது வைத்தபடி நிற்க முடிகிறது, மனைவி இறங்கச் சொல்லும்வரை.

வரைபடத்தில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள்

இதுதான் இந்த வீட்டில் நான் கண்டுபிடித்த மிகப் பெரிய பிழை. ஒன்பது வருடம் கண்ணில் படவில்லை.

கட்டடம் கட்டியவர் வரைபடத்தில் மேற்கு அறைக்கு ‘மாஸ்டர் பெட்ரூம்’ என்று பெயர் போட்டிருந்தார். பெரிய அறை, சேர்ந்தாற்போல் குளியலறை. ஆகவே நாங்கள் அதில் படுத்தோம். தென்கிழக்கில் இருந்த சின்ன அறை மகளுடையது. அவள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனபின் அது சாமான் அறை ஆயிற்று. பழைய பீரோ ஒன்றை அங்கே தள்ளினோம். எங்கே வைத்தோம்? ஜன்னலை அடைத்து. எதிரே டிரங்குப் பெட்டி, அதன்மேல் நான் சேர்த்து வைத்த பத்திரிகைக் கட்டுகள், உடைந்த மிதிவண்டி பம்பு, கொலுப் படிகள்.

நோட்டோடு அந்த அறையில் உட்கார இடமில்லாமல் வாசலில் உட்கார்ந்தேன். மாலை ஐந்து மணி. பீரோவின் பக்கவாட்டில் இரண்டு விரல் இடைவெளியில் காற்று விசில் அடித்தபடி வந்துகொண்டிருந்தது. சென்னைக்குக் கடல் கிழக்கே. பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும்தான் வரும். வீட்டிலேயே நல்ல காற்று வரும் ஒரே அறையில் பழைய பேப்பர் சுகமாகப் படுத்திருந்தது. நாங்கள் அடுப்பங்கரையில் படுத்திருந்தோம்.

பேப்பர் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போயிற்று. எடைபோட வந்த பையன் மூன்று முறை மாடி ஏற வேண்டியிருந்தது. நான் திருத்திய முதல் பக்கங்கள் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். மற்ற சாமான்களுக்கு எங்கள் வீட்டில் ஒரு விதி: சென்ற போகியிலிருந்து இந்தப் போகிவரை யார் கையும் படாத பொருள் வெளியே போக வேண்டும். எரிக்கக் கூடாது, யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். கொலுப் படிக்கு விலக்கு உண்டு. அதை மேற்கு அறைக்கு மாற்றினோம். பீரோவும் அங்கே போயிற்று. மேற்குச் சுவரை ஒட்டிப் பீரோ நிற்பதால் வெயிலுக்கு இன்னொரு தடுப்பும் ஆயிற்று. ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள்: வெளிச்சுவருக்கும் பீரோவுக்கும் நடுவே நான்கு விரல் இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் முதுகுப்புறம் பூசணம் பிடிக்கும். உள்ளே பட்டுப்புடவையில் வாடை ஏறிவிடும்.

எங்கள் கட்டில் சின்ன அறையில் இறுக்கமாகத்தான் நுழைந்தது. இரண்டு பக்கமும் நடக்க இடமில்லை, ஒரு பக்கம்தான். மனைவி சுவர் ஓரம் படுப்பவள். இரவு எழ வேண்டுமானால், “என்னங்க, காலை மடக்குங்கள்” என்பாள். அந்த ஒரு குறையைத் தவிர அறை அருமை.

ஆகவே உங்கள் வீட்டில் எந்த அறைக்கு எந்த நேரம் காற்று வருகிறது என்று பார்த்துவிட்டு, அதன்பின் அதற்குப் பெயர் வையுங்கள். காலை வெயில் விழும் இடத்தில் காபி குடிக்கலாம். மாலை வெயில் விழும் அறையில் துணி காயப்போடலாம், பீரோ வைக்கலாம்.

காற்றுக்கு நேரம் உண்டு

கத்திரி வெயில் நாட்களில் காலையில் மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று வீசும். கடற்காற்று தாமதமானால் அன்றைக்கு நரகம். அதனால் நாள் முழுக்க ஜன்னலைத் திறந்து வைப்பது புத்திசாலித்தனம் அல்ல. விடியற்காலை ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். ஒன்பது மணிக்கு மேற்குப் பக்கத்தை அடைத்துவிடுங்கள். கடற்காற்று வந்ததும் கிழக்கையும் மேற்கையும் சேர்த்துத் திறந்துவிடுங்கள். வரும் வழி மட்டும் திறந்திருந்தால் காற்று வராது. போகும் வழியும் வேண்டும். கடற்காற்று வந்ததா என்று எப்படித் தெரியும் என்றால், எனக்கு எதிர்வீட்டுத் தென்னை சொல்லும். கிழக்கு நோக்கிச் சாய்ந்திருந்த ஓலை மேற்கு நோக்கித் திரும்பும். மரம் இல்லாதவர்கள் மாடியில் காயும் வேட்டியைப் பார்க்கலாம்.

வெட்டிவேர்த் தட்டியைப் பலர் வாங்கிவிட்டுப் பலன் இல்லை என்கிறார்கள். அதற்கும் நேரம் உண்டு. ஈரம் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி. வறண்ட காற்றில்தான் ஈரம் நன்றாக ஆவியாகும். காலை பத்திலிருந்து கடற்காற்று வரும்வரை நனைத்துத் தொங்கவிடுங்கள், நன்றாக வேலை செய்யும். கடற்காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்து வருவது. அதில் தட்டி வாசனை கொடுக்கும், குளிர்ச்சி கொடுக்காது. புழுக்கம்தான் கூடும்.

மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. நம் வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவுதான். ஆளில்லாத அறையில் அது சுற்றுவது வீண். பழைய விசிறி 70, 75 வாட் இழுக்கும். இப்போதைய பிஎல்டிசி எனப்படும் சிக்கன மோட்டார் விசிறிகள் 30 வாட் அளவில் ஓடுகின்றன. இருபத்து நான்கு மணி நேரமும் விசிறி சுற்றும் ஊரில் இது மின்கட்டணத்தில் தெரியும். எனக்கு அதைவிட, முனகல் நின்றதுதான் பெரிது. இறக்கையைத் துடைக்கப் பழைய தலையணை உறையை அதன்மேல் மாட்டி இழுங்கள், தூசி உறைக்குள் விழுந்துவிடும், கட்டில்மேல் விழாது. இரவில் மேஜை விசிறி ஒன்றை மேற்கு ஜன்னலை நோக்கி, வெளியே காற்றைத் தள்ளும்படி வைத்துப் பாருங்கள். அறையில் தேங்கிய சூடு போய், கிழக்கிலிருந்து காற்று தானாக உள்ளே வரும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஏசி பற்றிச் சுருக்கமாக. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. நாங்கள் 27இல் வைத்து விசிறியை மெதுவாகச் சுற்றவிடுகிறோம். அது போதும்.

விளக்கும் இருட்டும்

பெரும்பாலான வீடுகளில் மேல்தளத்தில் ஒரு வெள்ளை விளக்கு, அதற்கு எதிரே இன்னொன்று. மளிகைக் கடை மாதிரி. பல்பு அட்டைப் பெட்டியில் 6500 கெல்வின் என்று இருந்தால் அது பகல் வெள்ளை. 2700, 3000 என்று இருந்தால் மஞ்சள். மாலை ஏழரைக்குப் பிறகு உட்காரும் இடத்தில் மஞ்சள் விளக்குத்தான் வேண்டும். அதுவும் கண்ணுக்குக் கீழே, சுவரைப் பார்த்தபடி. பிளக்கில் சொருகும் மேஜை விளக்கு இரண்டு வாங்கி, ஒன்றை ஹாலின் மூலையில் ஸ்டூல்மேல் வைத்தேன், இன்னொன்றைப் படுக்கை அருகே.

முதல் நாள் மனைவி சொன்னாள்: “என்னங்க இது, மின்சாரம் போன வீடு மாதிரி இருக்கிறது.” நியாயமான பேச்சு. அவள் கீரை ஆய்வது, அரிசியில் கல் பொறுக்குவது எல்லாம் இருட்டில் நடக்காது. சமையலறையில் வெள்ளை விளக்கு அப்படியே இருக்கிறது. நான் படிக்கும் மேஜைக்கும் நல்ல வெள்ளை வெளிச்சம் வைத்திருக்கிறேன். மஞ்சள் வெளிச்சத்தில் கால்புள்ளி எது, ஈ எச்சம் எது என்று என் வயதில் தெரியாது. வேலைக்கு வெள்ளை, ஓய்வுக்கு மஞ்சள். இரண்டுக்கும் தனித்தனி ஸ்விட்ச்.

பகலில் தூங்குகிறவர்களுக்கு ஒன்று. இரவுப் பணிக்காரர்கள் இந்த ஊரில் நிறைய. திரை எவ்வளவு கனமாக இருந்தாலும் வெளிச்சம் ஓரம் வழியாகத்தான் வரும். எழும்பூர் பாந்தியன் சாலையில் துணி மலிவாகக் கிடைக்கும். கெட்டியான கறுப்புத் துணியை ஜன்னல் சட்டத்தைவிட நான்கு விரல் பெரிதாக வெட்டி, நான்கு ஓரமும் ஒட்டுப்பட்டை வைத்து அழுத்திவிடுங்கள். பன்னிரண்டு வருடம் நான் அதற்குள்தான் தூங்கினேன். இன்வெர்ட்டர் விளக்குக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப், ஒரு விரற்கடை.

சத்தம்

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை 45 டெசிபல் என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் எல்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு யாருடனும் சண்டைக்குப் போக வேண்டாம். காற்று புகும் இடுக்கில்தான் சத்தமும் புகும். முதலில் அதை அடையுங்கள். நகரும் ஜன்னல்களில் ஓரத்தில் இருக்கும் தூரிகைப் பட்டை சில வருடங்களில் தேய்ந்துவிடும். அலுமினிய வேலைக்காரர் அரை மணியில் புதிது போட்டுத் தருவார். வாசல் கதவின் அடியில் ரப்பர் பட்டை.

ஹாலில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். சத்தம் திரும்பி வந்தால் அந்த அறையில் பேச்சும் தொலைக்காட்சியும் சேர்ந்து தலைவலி கொடுக்கும். வழவழப்பான டைல்ஸ் தரையும் வெறும் சுவரும்தான் காரணம். பவானி ஜமுக்காளம் ஒன்றை விரித்தேன். புத்தக அலமாரியைப் பக்கத்து வீட்டுச் சுவரோடு சேர்த்து வைத்தேன். எதிரொலி அடங்கியது. ஜமுக்காளத்தில் ஒரு சௌகரியம், மடித்து வாளியில் போட்டுத் துவைக்கலாம். கம்பளம் அப்படி அல்ல. நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் கம்பளம் வேண்டவே வேண்டாம். கோடையில் பத்தமடைப் பாய் இன்னும் உத்தமம்.

நாம் மேலே இருப்பவர்கள் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர்க் குமிழ் மாட்டினேன். ஒரு வாரம் கழித்துக் கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் நிறுத்தி, “ஊருக்குப் போயிருந்தீர்களா சார்?” என்று கேட்டார்.

நிலத்தடித் தொட்டியிலிருந்து மேலே தண்ணீர் ஏற்றும் மோட்டாரை யாரோ விடியற்காலை நாலரைக்குப் போடுவது என் 14ஆவது குறிப்பு. குடியிருப்போர் கூட்டத்தில் கேட்டதில், காலை ஆறரைக்குப் போட்டாலும் தண்ணீர் போதும் என்று தெரிந்தது. நாலரை என்று முடிவு செய்தவர் யார் என்று யாருக்கும் நினைவில்லை.

வாடை

வாசனைத் திரவியம் தெளிக்கும் முன் வாடை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நிறைய வீடுகளில் குற்றவாளி, யாரும் பயன்படுத்தாத குளியலறை. தரை வடிகாலுக்குக் கீழே பிளம்பர்கள் ‘நானி டிராப்’ என்று சொல்லும் வளைவு இருக்கும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் மறிக்கும். பயன்படுத்தாவிட்டால் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். நாற்றமும் கரப்பானும் நேரே வீட்டுக்குள் வரும். வாரம் ஒரு முறை ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. நான் இதை அறியாமல் இரண்டு வருடம் நாப்தலின் உருண்டை வாங்கிக்கொண்டிருந்தேன்.

சமையலறைப் புகைபோக்கி விசிறி ஓடும்போது அதற்குப் பக்கத்து ஜன்னலைத் திறக்காதீர்கள். அது அந்த ஜன்னல் காற்றையே உறிஞ்சி வெளியே விடும், தாளிப்புப் புகை ஹாலுக்கு நடக்கும். எதிர்ப்பக்கத்து ஜன்னலைத் திறந்தால் காற்று அடுப்பைக் கடந்து போகும். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கும் இதே விதி: புகையுங்கள், பத்து நிமிடத்தில் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

ஒரு நாற்காலி

கடைசியில், உட்கார ஓர் இடம். சோபா அல்ல, அது விருந்தாளிக்கு. உங்களுக்கென்று ஒன்று. என்னுடையது துணி மாட்டிய பழைய சாய்வு நாற்காலி, என் தகப்பனார் உபயோகித்தது. துணியை மட்டும் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். காலையில் சமையலறைக்கு வெளியே, கிழக்கு வெளிச்சம் விழும் இடத்தில் இருக்கும். மாலை ஆறரைக்கு மேற்குச் சூரியன் இறங்கியதும் பால்கனிக்குப் போகும். கை எட்டும் தூரத்தில் டம்ளர் வைக்க ஒரு முக்காலி, கண்ணாடிக்கூடு வைக்க ஒரு மூலை, காலை நீட்ட இடம். எழுந்து போய் எதையும் எடுக்க வேண்டியிராத நாற்காலிதான் நல்ல நாற்காலி.

பால்கனியில் ஐந்து தொட்டிகள்: துளசி, கற்பூரவல்லி, இரண்டு மணி பிளான்ட், ஒரு வெற்றிலைக் கொடி. வெற்றிலைக்கு மேற்கு வெயில் ஆகாது என்பதால் அது தட்டியின் நிழலில். செடிகள் அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று நர்சரியில் சொல்வார்கள். 1989இல் நாசா செய்த ஆய்வைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்கிறார்கள். அது மூடிய சிறு பெட்டிக்குள் செய்தது. 2019இல் அத்தகைய ஆய்வுகளைத் திரும்பக் கணக்கிட்டவர்கள், ஜன்னல் திறந்து கிடைக்கும் பலனைப் பெற ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிவரை வேண்டும் என்றார்கள். பச்சையைப் பார்க்க நன்றாக இருக்கிறது, செடி வைக்க அந்தக் காரணம் போதாதா? தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை மட்டும் வாரம் இருமுறை கவிழ்த்து ஊற்றுங்கள். டெங்கு கொசு முட்டையிட அந்த ஒரு விரல் தண்ணீரே போதும்.

நோட்டில் முப்பது குறிப்புகளை அடித்துவிட்டேன். 31ஆவது மிச்சம் இருந்தது: ‘பின்கட்டடத்து மிக்ஸி, காலை 5.40, தினமும்.’ கிழக்கு அறைக்கு மாறியதன் விலை அது. பிறகு ஒரு நாள் மனைவி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “அந்தப் பெண் மூன்று டப்பா கட்டிவிட்டு ஆறரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இதைப் போய்ப் பிழை என்று எழுதி வைத்திருக்கிறீர்களே” என்றாள்.

மெய்ப்பில் ஒரு குறி உண்டு. தவறுதலாகக் கோடு போட்டு அடித்துவிட்ட சொல்லுக்குக் கீழே புள்ளி புள்ளியாக வைத்தால், ‘திருத்த வேண்டாம், இருந்தபடி இருக்கட்டும்’ என்று பொருள். அந்த வரிக்குக் கீழே புள்ளி வைத்தேன். தலையணையைக் கட்டிலின் மறுமுனைக்கு மாற்றிக்கொண்டேன்.